ஒரு முழத் தங்கூசி

எஞ்சின் தண்ணி துப்பிக்கொண்டிருந்தது. மில்ரனுக்குத்தான் ஒரு சொட்டும் வரவில்லை.

காலை ஆறரை. மன்னார்த் தீவின் கீரிக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். போட்டின் பின்னால் தொங்கிய எஞ்சினின் விலாவில் ஒரு சின்னத் துளை. உள்ளே ஓடிச் சூட்டை ஆற்றிய கடல்தண்ணி அந்தத் துளையால் மெல்லிய வில்லாக வெளியே விழும். அது விழும்வரை எஞ்சின் பிழைத்தது. நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். கடல்தொழிலுக்குப் போகிற எவனும் கரை சேரும்வரை நாலு தரமாவது திரும்பி அதைப் பார்ப்பான்.

இன்றைக்கு மில்ரன் பார்த்த பார்வை வேறு. அதில் பொறாமை இருந்தது.

நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசியாக நாலு சொட்டு. இரத்தமும் சீழும் கலந்து வாடை எடுத்த நாலு சொட்டு. அதற்குப் பிறகு பதின்மூன்றரை மணி நேரமாக ஒன்றுமில்லை. அடிவயிறு ஒரு தேங்காயை உள்ளே வைத்துத் தைத்ததுபோல எழும்பி நின்றது. போட் ஒவ்வொரு அலையிலும் குதிக்க, அந்தத் தேங்காயும் கூடவே குதித்தது.

"சவுக்காரம்," போட்டின் முன்னாலிருந்து கூட்டாளி யோசேப் குரல் கொடுத்தான். "பழைய கணவாய் எங்கேயோ கிடந்து நாறுது. ஐஸ் பெட்டிக்குக் கீழ பார்."

கணவாய் எதுவும் இல்லை. நாறியது மில்ரனின் சாரம்.

கீரியில் அவனுக்குப் பட்டப்பெயரே சவுக்காரம்தான். மீன் பிடிக்கிறவன் மீன் மணக்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். கரை ஏறியதும் வலை வைக்கிற கொட்டிலான வாடிக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் அரை மணி நேரம் தேய்ப்பான். நகக்கண், காதுமடல், விரலிடுக்கு ஒன்றும் தப்பாது. வீட்டுக்குப் போனால் இன்னொரு தரம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் மூன்றாவது தரம். மாதா கோவிலில் பக்கத்து ஆள் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும்போது அந்தக் கையில் ஈரம் இருந்தால், பூசை முடியும்வரை மில்ரன் தன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருப்பான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்த ஏழு மாதம் வந்து வாய்த்தது.

முதலில் மூத்திரம் போகிற வேகம் குறைந்தது. பிறகு இரண்டு பிரிவாகப் பிரிந்து ஒன்று சுவரிலும் மற்றது காலிலும் விழுந்தது. ஒவ்வொரு தரமும் காலைக் கழுவினான். அடுத்து முக்க வேண்டி வந்தது. கக்கூஸுக்குள் கால் மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்கினால் பென்சில் ஈயத்தின் பருமனில் ஒரு நூல். முடிந்தது என்று சாரத்தைக் கட்டி நாலு அடி நடந்தால், மிச்சம் தன்பாட்டில் தொடையால் வழியும். பழைய துணியை மடித்து உள்ளே வைத்துக் கட்டினான். அதைத் துவைக்க அருவருத்து வாடிக்குப் பின்னால் மணலில் தாட்டான். நாய் ஒன்று தோண்டி எடுத்து வந்து யோசேப்பின் காலடியில் போட்ட நாளில், மில்ரன் கடற்கரையோரம் குந்தியிருந்து தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான்.

கடைசி மூன்று மாதமாகக் காலையில் எழும்பினால் நுனியில் மஞ்சள் பசை. பார்த்தாலே குமட்டும். தன் உடம்பை அவன் கண்ணை மூடிக்கொண்டு கழுவப் பழகிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கீரியிலிருந்து மன்னார் ரவுணுக்கு என்ன தூரம்? ஆனால் அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்வது பிரேமிளா, அவன் மனைவி துஷ்யந்தியின் தங்கச்சி. இரத்தம் எடுத்தால் அந்தப் போத்தல் அவள் கைக்குத்தான் போகும். அவள் கைக்குப் போனால் அன்று மாலையே துஷ்யந்தியின் காதுக்கு வரும்.

என்ன வரும் என்பதை மில்ரன் தீர்மானித்து வைத்திருந்தான். வெட்டை. கூடாத இடத்துக்குப் போகிறவனுக்கு வருகிற வியாதி.

அவன் ஒரேயொரு தரம் போயிருக்கிறான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், சமாதான ஒப்பந்தக் காலத்தில், நீர்கொழும்பில். பழைய எஞ்சின் ஒன்று வாங்கப் போன இடத்தில், லொட்ஜில் ஒரு பெண்ணோடு ஒரு இரவு. அவளுடைய முகம் இப்போது ஞாபகமில்லை. தலையணையின் எண்ணெய்ப் பிசுக்கு ஞாபகம் இருந்தது. மூலையில் மூடி இல்லாத வாளி ஒன்று இருந்தது, அதில் எவனோ எப்போதோ மூத்திரம் பெய்து வைத்தது கிடந்தது, அதன் நாற்றம் ஞாபகம் இருந்தது. விடிய முன்னம் எழும்பி ஓடி வந்தான். அன்றைக்குக் கையில் எடுத்த சவுக்காரம்தான், இன்னும் கீழே வைக்கவில்லை. ஊருக்கு அது சுத்தம்.

இத்தனை வருடம் உள்ளே படுத்துக் கிடந்த அழுக்கு இப்போது எழும்பி வந்து வழியை அடைக்கிறது. மில்ரனின் கணக்கு இதுதான். பிழையான கணக்கு. ஆனால் அதைச் சொல்ல ஒரு டொக்டர் வேண்டும், டொக்டரிடம் போக அவனுக்குப் பயம்.

அதனால் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தான்.

எஞ்சினின் தண்ணித் துளையில் உப்போ மணலோ அடைத்துக்கொண்டால் கரையில் என்ன செய்வார்கள்? வலை கட்டுகிற தங்கூசியில் மொத்தமானதாக ஒரு துண்டு வெட்டி, துளைக்குள் விட்டுக் குத்துவார்கள். இரண்டு குத்து, ஒரு இழுப்பு. புளிச்சென்று தண்ணி பாயும். வெறும் பிளாஸ்ரிக் நூல்தான், ஆனால் கம்பி மாதிரி நிமிர்ந்து போகும், கம்பி மாதிரிக் கிழிக்காது. மில்ரன் இருபத்தைந்து வருடமாக இதைச் செய்கிறவன்.

மில்ரன் ஒரு முழம் வெட்டினான். நுனியை லைட்டரால் உருக்கி உருண்டையாக்கினான். டெற்றோலில் ஊறப் போட்டான். தேங்காயெண்ணெய் தடவினான். வாடிக் கதவைச் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டான்.

முதல் தரம் அழுதுவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு போனது. நூலாக இல்லை, கயிறாகப் போனது. அன்றைக்குப் பின்னேரம் மில்ரன் விசில் அடித்துக்கொண்டு கிழிந்த வலை பொத்தியதை யோசேப் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

எட்டுத் தரம் சரியாக நடந்தது. ஒன்பதாவது தரம், முந்தாநாள், தங்கூசி உள்ளே போனது, திரும்பவில்லை. இழுத்தால் உள்ளே எங்கோ தூண்டில் மாட்டியதுபோல ஒரு குத்து. அந்த நேரம் பார்த்து வெளியே யோசேப்பின் செருப்புச் சத்தம். மிச்சம் இருந்த நாலு விரல் நீளத்தை அப்படியே விட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அந்த நாலு விரலும் இல்லை.

வருடக்கணக்காகச் சுருளில் கிடந்த நூல். மூத்திரம் தேங்குகிற சலப்பைக்குள் இடம் கிடைத்ததும் பழையபடி சுருண்டு, மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

*

கரையில் இறங்கும்போது மணலில் சரிந்து விழுந்தான். யோசேப் கையைப் பிடித்துத் தூக்கினான். தூக்கினவன் முகத்தைத் திருப்பினான்.

"மச்சான், இது கணவாய் இல்லை," என்றான் மெதுவாக.

துஷ்யந்தி வந்தாள். வாடிக்குள் கிடந்தவனின் சாரத்தை விலக்கினாள். வயிற்றைத் தொட்டாள். ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினாள், கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்தாள், அவனை இடுப்புக்குக் கீழே கழுவி, கழற்றிய சாரத்தைத் தானே அலசிக் காயப் போட்டாள். மில்ரன் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையை அவள் கண்ணைத் திறந்துகொண்டு செய்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. அவளுடைய அப்பா சொந்த ஊரான அரிப்பில் நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோது பார்த்தவள் அவள்தான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாள்," என்று பொய் சொன்னான்.

ஓட்டோ தலைமன்னார் றோட்டில் ஏறியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மில்ரனின் கண்ணுக்குள் நட்சத்திரம் பறந்தது. பாதி வழியில் ஓட்டோ நின்றது. நடு றோட்டில் கழுதை. கோர்ண் அடித்தும் அசையவில்லை. காலை அகட்டி வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, தார் றோட்டில் நுரை எழும்பப் பெய்துகொண்டிருந்தது. முடியவே இல்லை. மில்ரன் அதைப் பார்த்துக்கொண்டே அழுதான். துஷ்யந்தி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்தத் தோளில் கிடந்தபடி அவன் யோசித்தது ஒன்றைத்தான். இந்தத் தோள் பின்னேரம் வரைக்கும் இருக்குமா?

*

டொக்டர் இன்ஷிராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பர்தாவைக் காதோரம் இறுக்கிக் குத்திக்கொண்டு, எழுதிக்கொண்டே கேள்வி கேட்டாள். சலம் எப்போதிலிருந்து இப்படி? எரிவு? சீழ்? மில்ரன் கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னான். மகள் டினோஜாவைவிடக் கொஞ்சம் வயது கூடின ஒரு பெட்டை தன் இடுப்புக்குக் கீழே குனிந்திருப்பதை நினைக்க அவனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ரியூப் விட்டுப் பார்த்தார்கள். ஒரு விரல் நீளம், இன்னொரு விரல் நீளம் போய், ஒரு இடத்தில் முட்டி நின்றது. சுவரில் முட்டியதுபோல. திருப்பிப் பார்த்தார்கள், சின்னதைப் போட்டுப் பார்த்தார்கள். இரத்தம்தான் வந்தது. டொக்டர் போதும் என்றாள். இனிக் குத்தினால் பொய் வழி ஒன்று திறக்கும், பிறகு உள்ளதும் கெட்டுவிடும் என்று நேர்ஸுக்குச் சொன்னது மில்ரனுக்கும் கேட்டது. ஒன்பது தரம் குத்தினவனுக்கு வேர்த்தது.

ஸ்கான் எடுத்தபோது டொக்டரின் கை ஒரு இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் அழுத்தினாள்.

"ஐயா, உள்ளுக்க ஏதோ வளையம் வளையமாத் தெரியுது. நீங்கள் ஏதும் விட்டனீங்களோ?"

"இல்லை."

டொக்டர் அவனை ஒரு கணம் பார்த்தாள். அந்த இடத்தைத் துண்டில் குறித்துக்கொண்டாள்.

சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். தொப்புளுக்குக் கீழே ஒரு இடத்தை விறைக்கப் பண்ணி, வயிற்றால் நேரே சலப்பைக்குள் ஒரு ரியூப் இறக்கினார். அந்தக் கணம் மில்ரனுக்கு மோட்சம். அவனைச் சுற்றி நின்றவர்களுக்கு நரகம். ரியூபால் வந்தது சலம் என்று சொல்ல முடியாது. களிமண் கரைத்த நிறம். அதில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. மூடி வைத்து மறந்த மீன் வாளியைத் திறந்ததுபோல ஒரு வாடை எழும்பித் திரைச்சீலைக்கு அப்பாலும் போனது. பக்கத்துக் கட்டிலில் இடியப்பம் தின்றுகொண்டிருந்தவர் பார்சலை மடித்து வைத்தார். சிற்றூழியர் றினாஸ் மாஸ்க்குக்கு மேலே இன்னொரு மாஸ்க் போட்டான். நேர்ஸ் யன்னலைத் திறந்தாள். மில்ரன் எழும்பி இருந்து பார்க்க முயன்றான். தனக்குள் இருந்தது இதுவா? இதைச் சுமந்துகொண்டா பூசைக்குப் போனேன்?

துஷ்யந்தி மட்டும் ஏந்திய கோப்பையை விடவில்லை. நிரம்ப நிரம்ப மாற்றிக் கொடுத்தாள். ஒன்றேகால் லீற்றர்.

"எல்லாம் போகட்டும்," என்றாள். "போகப் போகச் சுகம்தான்."

பிறகு இரத்தம் எடுத்தார்கள். மூன்று சின்னப் போத்தல்.

"என்னத்துக்கு, டொக்டர்?"

"எல்லாத்துக்கும்தான் ஐயா. சீனி, கிட்னி, பாலியல் நோய். இப்பிடி அடைப்போட வாற எல்லாருக்கும் செய்யிறது. ரெண்டு மணிக்கு ரிப்போட் வந்திடும். அதுக்குப் பிறகு உள்ளுக்க இருக்கிறதை எடுப்பம்."

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று பத்து. நேர்ஸ் போத்தல்களைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடப் பக்கமாகத் திரும்பினாள்.

*

பன்னிரண்டு மணிக்கு மில்ரன் பிரேமிளா போத்தலை எடுப்பதைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனாலும் தெளிவாகப் பார்த்தான். பன்னிரண்டே காலுக்கு அவள் பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ஒரு மணிக்கு, ஆய்வுகூடக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்கு ஃபோன் எடுத்தாள்.

ஒன்று பத்துக்கு அவனால் மேலே முடியவில்லை. பேப்பரில் எழுதி, தங்கச்சியின் வாயால், வாட்டின் நடுவில் வைத்து அவளுக்கு அது தெரியவரக் கூடாது. நானே சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். கள்ளன் தானே வந்து பொலிசில் நின்றால் தண்டனை குறையும் என்கிறமாதிரி ஒரு யோசனை.

துஷ்யந்தி ஈரத் துணியால் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதம், கணுக்கால், முழங்கால்.

"துஷ்யந்தி. ரெண்டு மணிக்கு ரிப்போட் வரும். பிரேமிளா பார்ப்பா. அதுக்கு முன்னம் என்ரை வாயால சொல்லிப்போடுறன்."

"சொல்லுங்கோ."

"எனக்கு வந்திருக்கிறது வெட்டை."

துணி நிற்கவில்லை. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்குத் தெரியும். நீர்கொழும்பில எஞ்சின் வாங்கப் போன நேரம், ஒரு பொம்பிளையிட்டப் போனனான். ஒரேயொரு தரம். மாதா மேல ஆணை, அதுக்குப் பிறகு ஒருக்காலும் இல்லை."

துணி நின்றது.

"எந்த எஞ்சின்?"

அவன் எதிர்பார்த்த கேள்வி இதில்லை. "முதல் வாங்கின பதினைஞ்சு குதிரைவலு எஞ்சின்."

துஷ்யந்தி துணியைப் பார்த்தாள். மனதுக்குள் எதையோ தேடி எடுப்பதுபோல உதடு அசைந்தது.

"அப்ப டினோஜாவுக்கு எட்டு நாள்," என்றாள்.

மில்ரன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"நான் அரிப்பில அம்மா வீட்டில. நீங்கள் மத்தியானம் வந்து இறங்கினீங்கள். வீட்டுக்குள்ள வராமல் நேரே கிணத்தடிக்குப் போய் ஒரு கட்டிச் சவுக்காரத்தையும் கரைச்சு முடிச்சீங்கள். அயல்சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிண்டதுகள்." அவள் குரல் உயரவில்லை. "பச்சைப் பிள்ளையைத் தூக்க வேணும் எண்டு மனுசன் எப்பிடித் தேய்ச்சுக் குளிக்குது பாருங்கோ எண்டு நான் சொன்னனான். பத்தொன்பது வருசமா, இண்டை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

துணியைப் பிழிந்தாள். கட்டில் சட்டத்தில் விரித்துப் போட்டாள். நாலு மூலையும் இழுத்து நேராக்கினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாட்டின் நீளத்தையும் நடந்து வெளியே போனாள்.

*

ரெண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க, பிரேமிளா தானே ரிப்போட்டோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தான், அக்கா பயந்து போயிருப்பா எண்டுதான் ஓடி வந்தனான். இரத்தத்தில ஒண்டுமில்லை. சீனி இல்லை, கிட்னி நல்லம், மற்றதுகளும் கிளியர். சலத்தில கிருமி இருக்கு, அது தேங்கி நிண்ட சலத்தில வாற கிருமிதான். அக்கா எங்க?"

மில்ரன் கட்டில் சட்டத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தான்.

பின்னாலேயே டொக்டர் இன்ஷிரா வந்தாள். தேத்தண்ணிப் பிளாஸ்கோடு யோசேப்பும் வந்து காலடியில் நின்றான். டொக்டர் ரிப்போட்டைப் புரட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, விதைக்குப் பின்னால் ஒரு இடத்தை அழுத்தினாள். மில்ரன் துள்ளினான்.

"இந்த இடம் கல்லு மாதிரித் தழும்பு பிடிச்சுக் கிடக்கு. ஐயா, எப்பவாவது காலை ரெண்டு பக்கமும் போட்டபடி எதிலயாவது விழுந்தனீங்களோ? சைக்கிள் பார், மதில், அப்பிடி ஏதாவது?"

மில்ரன் இல்லை என்று தலையாட்டத் தொடங்கினான். யோசேப் முந்திக்கொண்டான்.

"விழுந்தவர் டொக்டர். போன வருசத்துக்கு முதல் மார்கழி. கரையில இறங்கேக்க அலை தூக்கிப் போட்டது. போட் விளிம்பில குதிரை ஏறினமாதிரி இருந்திட்டார். நாங்கள் ஒரு கிழமை சிரிச்சனாங்கள்."

"அண்டைக்கு இரத்தம் வந்ததோ?"

வந்தது. மில்ரனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. சாரத்தில் மூன்று பொட்டு. கழுவினான், போய்விட்டது, மறந்துவிட்டான்.

டொக்டர் ரிப்போட்டின் பின்பக்கத்தில் படம் போட்டாள். ஆம்பிளையின் சலக் குழாய் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம், சலப்பையில் தொடங்கி ஆங்கில எழுத்து எஸ் போல இரண்டு வளைவு. கீழ் வளைவு இடுப்பு எலும்புக்கு நேர் கீழே தொங்கும். கவட்டுக்குள் அடி விழுந்தால் அந்த இடம் எலும்புக்கும் விளிம்புக்கும் இடையில் நசியும். வெளியே காயம் தெரியாது. உள்ளே ஆறும்போது தழும்பு இறுகும், வழி சுருங்கும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வருடக்கணக்கு.

"வெட்டையாலயும் அடைப்பு வரலாம். ஆனா உங்களுக்கு ஒருக்காலும் அது வரேல்ல. வந்திருந்தால் அந்த நேரமே எரிஞ்சு சீழ் ஓடியிருக்கும். பத்தொன்பது வருசம் சும்மா இராது."

வருடக் கணக்கைத் தான் டொக்டருக்குச் சொல்லவில்லையே என்று மில்ரனுக்கு உறைத்தது. திரைச்சீலை மெல்லியது. வாட்டு முழுக்கக் கேட்டிருக்கிறது. இடியப்பக்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பிரேமிளாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அக்கா எங்கே என்று அவள் இரண்டாவது தரம் கேட்கவில்லை.

"இனி உள்ளுக்க இருக்கிறது என்னெண்டு சொல்லுங்கோ," என்றாள் டொக்டர்.

எல்லாம் போய்விட்டது. இது ஒன்றை ஏன் வைத்துக்கொள்வது? மில்ரன் கூரையைப் பார்த்துச் சொன்னான். ஒரு முழத் தங்கூசி. மொத்தமானது.

றினாஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். யோசேப் சிரிக்கவில்லை. பிளாஸ்கைக் கீழே வைத்தான்.

"எஞ்சினுக்குக் குத்துறதோ மச்சான்?"

"புதுசு," என்றான் மில்ரன். "டெற்றோலில ஊறப் போட்டது."

நாலு மணிக்கு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது ஒரு உலோகக் கோப்பையைக் காட்டினார்கள். வலையில் சிக்கிச் சிக்கி முடிச்சு விழுந்த தங்கூசி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அப்படித்தான் இருந்தது. சளி படிந்து, மண் நிற உப்பு தொட்டம் தொட்டமாக ஒட்டத் தொடங்கி, கோழியின் குடல் உருண்டை மாதிரி. வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மில்ரன் தலையைத் திருப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தான்.

*

அன்றும் அடுத்த நாளும் துஷ்யந்தி வரவில்லை. சாப்பாடு யோசேப்பின் கையில் வந்தது. அவனுக்குப் பிடித்த ஒட்டி மீன் குழம்பு, முள் எடுத்து, சூடாக. ஒரு செய்தியும் கூட வரவில்லை. மில்ரன் சாப்பிட்டான், வாட்டின் வாசலைப் பார்த்தான், பார்வையாளர் நேர மணி அடிக்கும்போது தலையைச் சீவினான். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். ரிப்போட்டில் ஒன்றுமில்லை, துஷ்யந்தி. போட்டில் விழுந்ததுதான். அது எவ்வளவு நல்ல செய்தி, ஆனால் எந்த வசனத்தில் தொடங்கினாலும் லொட்ஜில் போய்த்தான் முட்டியது.

மூன்றாம் நாள் காலை அவள் வந்தாள். சேலை, முந்தானை, கைப்பை. கட்டில் கால்மாட்டில் நின்றாள். கதிரை இருந்தது, அவள் அதில் இருக்கவில்லை.

டொக்டர் அவளுக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். தழும்பை வெட்டி எடுத்துக் குழாயைப் பொருத்த யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மூன்று மாதமாவது செல்லும். அதுவரை வயிற்றால் ரியூப், இடுப்பில் பை. பையை நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வெளியாக்க வேண்டும், கையைக் கழுவிவிட்டுச் செய்ய வேண்டும். வீட்டில் ஆர் பார்ப்பீர்கள்?

துஷ்யந்தி கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். மில்ரன் அவளையே பார்த்தான். மூன்று நாளாகச் சேர்த்து வைத்த வசனத்தை எடுத்தான்.

"போட்டில விழுந்ததுதானாம், துஷ்யந்தி," என்றான். "அது இல்லையாம்."

"பிரேமிளா சொன்னவ."

அவ்வளவுதான். அவள் கைப்பையைத் திறந்தாள். புதுச் சவுக்காரக் கட்டி ஒன்றை எடுத்து, கடதாசி கழற்றாமல், மேசையில் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

"பையைக் கழட்டி ஊத்தத் தெரிஞ்சுகொண்டு வாங்கோ. நேர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டால் காட்டித் தருவா. வீட்டில நீங்களேதான் செய்ய வேணும்."

"வீட்டுக்கு வரலாமோ?"

"வேறை எங்க போறது? பிள்ளைக்கு என்ன சொல்லுறது?" என்றாள் அவள். "முன் அறையில கட்டில் போட்டிருக்கு."

நேர்ஸ் வந்து, நீங்கள் கொஞ்சம் பிடியுங்கோ அக்கா என்று சொல்லிப் பையைத் தூக்கி அவள் பக்கமாக நீட்டினாள். துஷ்யந்தி ஒரு அடி பின்னால் போனாள். முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மில்ரன் பையைப் பார்த்தான். மூன்று நாள் மருந்தில் எல்லாம் தெளிந்திருந்தது. உள்ளே இருந்தது ஊற்றுத் தண்ணி மாதிரிச் சலம். சீழ் இல்லை, துணுக்கு இல்லை, ஒரு நாற்றமும் இல்லை.

துஷ்யந்தி முந்தானையை எடுக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மில்ரன் கையை நீட்டிப் பையைத் தானே வாங்கிக்கொண்டான்.